லிட்டரை அளக்காத வரி

திருவள்ளூரை அடுத்த மணவாள நகரில் பைக் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, ‘மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?’ என்பதைத்தான். விலை, நிறம், மாதத் தவணை எல்லாம் அதற்கப்புறம். காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் உள்ள கம்பெனிகளுக்கும் ஷிப்டுக்குப் போய்வரும் ஒருவர் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 வேலைநாள் என்றால் 12,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு 240 லிட்டர் பெட்ரோல் வேண்டும். 2025-இல் இங்கே ஒரு லிட்டர் ஏறக்குறைய 101 ரூபாய். ஆக ஆண்டுச் செலவு சுமார் 24,000 ரூபாய், மாதம் 2,000. பதினெட்டாயிரம் ரூபாய் சம்பளக்காரருக்கு இது வருமானத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. மைலேஜைப் பற்றி அவர் துருவித் துருவிக் கேட்பதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஒன்றரைக் கோடி, மூன்று கோடி கொடுத்து அதிவேக சொகுசு எஸ்யூவி வாங்குபவரிடம் மட்டும் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. அவரிடம் பணம் இருப்பது ஒரு காரணம். நம்முடைய வரி அமைப்பு அந்தக் கேள்வியை அவர் கேட்க வேண்டிய அவசியமே வராமல் பார்த்துக்கொள்வது இன்னொரு காரணம். முதல் காரணத்தை யாரும் மாற்ற முடியாது. இரண்டாவதை மாற்றலாம், மாற்ற வேண்டும்.

இந்த வகை வண்டி எவ்வளவு குடிக்கிறது என்பதற்கு உறுதியான சோதனை எண்கள் உள்ளன. 2018-இல் இந்தியாவுக்கு வந்த லம்போர்கினி உருஸ் 4 லிட்டர் கொள்ளளவும் எட்டு சிலிண்டரும் இரட்டை டர்போவும் கொண்டது. 650 குதிரைத்திறன், 2 டன்னுக்கு மேல் எடை, மூன்றரை விநாடி சொச்சத்தில் 100 கிலோமீட்டர் வேகம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சோதனையில் நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த சராசரியாக அது கேலனுக்கு 14 மைல் தந்தது. நம் கணக்கில் லிட்டருக்கு 6 கிலோமீட்டர். நகர ஓட்டத்தை மட்டும் எடுத்தால் 5 கிலோமீட்டர். மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் ஆலையில் பிஎம்டபிள்யூ நிறுவனம் எக்ஸ்5 வண்டியின் பாகங்களைப் பூட்டி வெளியே அனுப்புகிறது. அதே எக்ஸ்5-இன் 600 குதிரைத்திறன் வடிவமான ‘எம்’ வண்டியும் உருஸைவிடச் சற்றே மேலான அளவில்தான் நிற்கிறது. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் என்றால், லிட்டருக்கு 6 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 2,500 லிட்டர் பெட்ரோல் வேண்டும், இரண்டரை லட்சம் ரூபாய். அந்தப் பெட்ரோல் எரிந்து வெளியேறும் கரியமில வாயு ஐந்தரை டன்னைத் தாண்டும். மேலே சொன்ன தொழிலாளியின் பைக்கைப்போல் பத்து பைக்குகள் ஓராண்டில் குடிப்பதை இந்த ஒரு வண்டி குடித்துவிடுகிறது.

வண்டியின் பருமன் மட்டும் இதற்குக் காரணம் என்று நினைப்பது பாதி உண்மை. இரண்டு டன் எடையுள்ள, காற்றை முட்டித் தள்ளும் உயரமான ஓர் எஸ்யூவி, சமதளத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் சீராக ஓட ஏறக்குறைய 20 குதிரைத்திறன் போதும். மிச்சமுள்ள 630 குதிரைகள் அந்த நேரத்தில் சும்மா இருக்கின்றன, ஆனால் தீனி கேட்காமல் இல்லை. எட்டு சிலிண்டரிலும் பிஸ்டன் உரசும் உராய்வு இருக்கிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது காற்று வழி குறுகி, அந்தக் குறுகலினூடே காற்றை இழுப்பதற்கே எஞ்சின் உழைக்க வேண்டியிருக்கிறது. பெரிய எஞ்சின் தன் திறனில் சிறு பங்கை மட்டும் தரும்போதுதான் மிக மோசமாக எரிபொருளை வீணாக்குகிறது. நம் சாலைகளில் அது எப்போதும் அப்படித்தான் ஓடியாக வேண்டும். திருவள்ளூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து போகும் வண்டியில் 300 கிலோமீட்டர் வேகத்துக்கான எஞ்சின் இருப்பதால் யாருக்கும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. கும்மிடிப்பூண்டி வழியாகப் போகும் கொல்கத்தா நெடுஞ்சாலையிலும் சட்டம் அனுமதிக்கும் வேகத்தைத் தொட இந்த எஞ்சினின் சிறு துண்டு போதும். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுவது இன்னொரு சுமை. எத்தனாலுக்கு வெப்ப ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், ஒரே தொலைவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்ற வேண்டும். அதிவேக எஞ்சின்களுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் தேவை. அதன் விலை சாதாரண பெட்ரோலைவிட அதிகம்.

ஆனாலும் வாங்குபவரை எரிபொருள் செலவு உறுத்துவதில்லை. மற்ற செலவுகள் அதை மூடி மறைத்துவிடுகின்றன. 21, 22 அங்குலச் சக்கரங்களுக்கான அகலமான டயர்கள் சாதாரண கார் டயரைப் போலப் பல ஆண்டுகள் உழைக்காது. பிரேக் வட்டு, சர்வீஸ், முழுக் காப்பீடு என ஒவ்வொன்றும் வண்டியின் விலையோடு சேர்ந்து ஏறும். எல்லாவற்றையும்விடப் பெரியது மதிப்புக் குறைவு. வருமான வரிக் கணக்கில் காருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் ஏற்கப்படுகிறது. ஒரு கோடி ரூபாய் வண்டிக்கு முதல் ஆண்டில் 15 லட்சம். அதற்கு முன்னால் இரண்டரை லட்சம் பெட்ரோல் செலவு கண்ணில் படுமா? ‘இவ்வளவு கொடுத்து வாங்குகிறவன் பெட்ரோலைப் பார்ப்பானா?’ என்று ஊரில் சொல்வது உண்மைதான். அந்த உண்மையைத்தான் கொள்கை வகுப்பவர்கள் எடுத்து ஆராய வேண்டும். பம்ப்பில் ஏறும் விலை தொழிலாளியின் பழக்கத்தை மாற்றுகிறது, பஸ்ஸுக்கு மாறச் செய்கிறது, ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்காரச் செய்கிறது. இந்த வண்டிக்காரரை அது தொடுவதே இல்லை. ஆகவே, எரிபொருள் வரி ஒன்றே போதும், அதிகம் எரிப்பவர் அதிகம் கட்டுகிறார் என்ற வாதம் நடைமுறையில் நிற்காது.

அந்தப் பெட்ரோலுக்கும் பல நேரம் அவர் தம் பையிலிருந்து கொடுப்பதில்லை. இத்தகைய வண்டிகள் கம்பெனி பெயரில் வாங்கப்படுவது சாதாரணம். கம்பெனி பெயரில் இருந்தால் தேய்மானமும் பெட்ரோலும் டிரைவர் சம்பளமும் தொழில் செலவு. சுமார் 25 விழுக்காடு வரி கட்டும் கம்பெனிக்கு இரண்டரை லட்சம் பெட்ரோல் செலவில் ஏறக்குறைய 63,000 ரூபாய் வரியாகக் குறைகிறது. அந்தக் குறைவை ஏற்பது அரசுக் கருவூலம். சொந்த வேலைக்கும் அதே வண்டியைப் பயன்படுத்தும் இயக்குநரின் வருமானத்தில் அந்தச் சலுகையின் மதிப்பைச் சேர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எவ்வளவு சேர்க்க வேண்டும்? 2009 தொடங்கி பதினைந்து ஆண்டுக்கும் மேலாக, 1.6 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட காருக்கு மாதம் 2,400 ரூபாய், டிரைவர் இருந்தால் கூடுதலாக 900 ரூபாய் என்று இருந்தது. இருபது லட்சம் ரூபாய் காருக்கும் மூன்று கோடி ரூபாய் காருக்கும், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுப்பதற்கும் 6 கொடுப்பதற்கும் ஒரே தொகை. அந்தத் தொகையை எத்தனை மடங்கு உயர்த்தினாலும், வண்டி எவ்வளவு குடிக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்காத ஒற்றைத் தொகையாக இருக்கும்வரை அதன் குறை தீராது. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமும் இப்படியே: 1,500 சிசிக்கு மேல் போனால் எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கு 7,897 ரூபாய்.

வாங்கும்போது விதிக்கும் வரிகளையும் பார்ப்போம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாற்றியமைக்கப்பட்டபோது, நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஞ்சின் கார்களுக்கு 18 விழுக்காடு, மற்ற எல்லா பெட்ரோல், டீசல் கார்களுக்கும் 40 விழுக்காடு என்று ஆனது. அதற்கு முன் பெரிய எஸ்யூவிகள் மீதான வரி, மேல்வரியும் சேர்ந்து 50 விழுக்காடு. ஆக, நான்கு மீட்டரைத் தாண்டிய 1.5 லிட்டர் குடும்பக் காருக்கும், எரிபொருளை மிச்சப்படுத்தும் ஹைப்ரிட் காருக்கும், 4 லிட்டர் எட்டு சிலிண்டர் எஸ்யூவிக்கும் இப்போது ஒரே விகிதம். தமிழ்நாட்டின் ஆயுட்கால சாலை வரியோ 2023 நவம்பரில் திருத்தப்பட்டபின் விலையை மட்டும் பார்க்கிறது: 5 லட்சம் வரை 12 விழுக்காடு, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. மத்திய அரசின் நிறுவன சராசரி எரிபொருள் சிக்கன விதிகள் 2017-18-இல் வந்தன. கிலோமீட்டருக்கு 130 கிராம் என்றிருந்த கரியமில வாயு இலக்கு 2022-23 முதல் 113 கிராமாக இறுகியது, நல்லது. ஆனால் அந்த விதி நிறுவனத்தின் மொத்த விற்பனையின் சராசரியைத்தான் கேட்கிறது. விற்கும் வண்டிகளின் சராசரி எடை கூடக்கூட இலக்கும் தளர்ந்து கொடுக்கிறது. எடையைக் குறைக்கும் எஞ்சினியருக்குக் கிடைக்க வேண்டிய பரிசை இந்தச் சூத்திரமே பறித்துக்கொள்கிறது. நீளத்தை அளக்கிறோம், கொள்ளளவை அளக்கிறோம், விலையை அளக்கிறோம், எடையை அளக்கிறோம். ஒரு வண்டி எத்தனை லிட்டர் குடிக்கிறது என்பதை வைத்து அதன் மீது ஒரு ரூபாய்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

எதை அளந்து வரி போடுகிறோமோ அதைத்தான் கார் கம்பெனிகள் மாற்றும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்றுகள் கொட்டிக் கிடக்கின்றன. 2006-இல் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டு, நான்கு மீட்டர் நீளம் எல்லையாக வைக்கப்பட்டது. அதற்குள் அடங்குவதற்காகவே டிக்கியை வெட்டிச் சுருக்கிய கார்கள் பிறந்தன. உலகில் வேறெங்கும் இல்லாத அந்த வடிவம் ஒரு வரி விதியின் குழந்தை. 2013 பட்ஜெட்டில் எஸ்யூவிக்கு உற்பத்தி வரி 27-இலிருந்து 30 விழுக்காடாக ஏறியது. நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சிசிக்கு மேல் எஞ்சின், தரையிலிருந்து 170 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உயரம் என்பது எஸ்யூவிக்கான வரையறை. மகேந்திரா தன் எக்ஸ்யூவி500-இன் தரை உயரத்தை 40 மில்லிமீட்டர் தாழ்த்தி, 160 மில்லிமீட்டராக்கி வரையறைக்கு வெளியே போனது. 2015 டிசம்பரில் தலைநகர் டெல்லி வட்டாரத்தில் 2,000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களின் பதிவை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அடுத்த மாதமே 1.99 லிட்டர் எஞ்சின் தயாராகி நின்றது. இதை ஏமாற்று வேலை என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. விதி கேட்டதை அவர்கள் கொடுத்தார்கள், விதிதான் தவறானதைக் கேட்டது. நாற்பது மில்லிமீட்டரைக் குறைக்கவும் சில வாரங்களில் எஞ்சினைச் சுருக்கவும் முடிகிற இந்தத் திறமையிடம் லிட்டரைக் குறை என்று வரி மூலம் கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இந்தக் கதைக்கு ஓர் அத்தியாயம் உண்டு. மணவாள நகருக்கு அருகே அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 1998-இல் மிட்சுபிஷி லான்சரோடு தொடங்கியது. 2002-இல் அந்த நிறுவனம் பஜெரோவை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் பஜெரோ ஸ்போர்ட் இந்த ஆலையிலேயே பூட்டப்பட்டது. பெரிய டீசல் எஸ்யூவி என்றால் அந்தஸ்து என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேரூன்றிய காலம் அது. அன்றைக்கு டீசல் விலை அரசின் பிடியில் இருந்தது, 2014 அக்டோபரில்தான் விடுவிக்கப்பட்டது. உழவர் டிராக்டருக்கும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் என்று தாங்கிப் பிடித்த விலையில், 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வண்டிகளும் டேங்க் நிறைய ஊற்றிக்கொண்டன. ஏழைக்கென்று லிட்டர் கணக்கில் கொடுக்கும் சலுகை, அதிக லிட்டர் எரிப்பவருக்கே அதிகம் போய்ச்சேரும். இந்தப் பாடத்தை நாம் முழுதாகக் கற்கவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்தது. ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பை ஏற்று, இருசக்கர வாகனக்காரர்களை மனத்தில் வைத்து எடுத்த முடிவு, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 240 லிட்டர் போடுபவருக்கு அதனால் மிஞ்சியது ஆண்டுக்கு 720 ரூபாய். 2,500 லிட்டர் எரிக்கும் வண்டிக்கு மிஞ்சியது 7,500.

கிலோமீட்டர் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 18 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 25 கொடுக்கும்படி முன்னேறினால் பெரிய சாதனையாகத் தெரிகிறது. 6 கொடுப்பது ஏழரை கொடுத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 15,000 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் காரில் 833 லிட்டர் 600 ஆகிறது, மிச்சம் 233 லிட்டர். இரண்டாவதில் 2,500 லிட்டர் 2,000 ஆகிறது, மிச்சம் 500 லிட்டர். லாரிக், சோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் இந்தக் கண்மயக்கை விளக்கினார்கள். ஐரோப்பாவில் நெடுங்காலமாக 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றே சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால் உருஸ் 16.7 லிட்டர், 18 கிலோமீட்டர் கார் 5.6 லிட்டர் என்று உண்மை நேராகக் கண்ணில் விழும். மிகையாகக் குடிக்கும் வண்டியில் செய்யும் சிறு திருத்தம், சிக்கனமான வண்டியில் செய்யும் பெரிய திருத்தத்தைவிட அதிகப் பலன் தரும். ஆகவே வரியின் கவனம் மேல்தட்டு வண்டிகள் மீது விழுவதற்குப் பொறாமை காரணமில்லை, கணக்கே அங்கே கொண்டு நிறுத்துகிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது எண்ணிக்கை பற்றியது. ஆண்டுக்கு 43 லட்சம் கார் விற்கும் நாட்டில் சொகுசுக் கார்கள் ஏறக்குறைய ஒரு விழுக்காடு. அதிலும் அதிவேக எஸ்யூவிகள் சில ஆயிரம். அவற்றைச் சரிசெய்து எவ்வளவு எண்ணெய் மிச்சமாகும்? அவற்றில் மட்டும் என்றால் கொஞ்சம்தான். ஆனால் இன்று விற்கும் கார்களில் பாதிக்கும் மேல் எஸ்யூவி வகை. மேலே இருப்பவரின் வண்டியைப் பார்த்துத்தான் கீழே ஆசை வளர்கிறது. பஜெரோவுக்கு நடந்ததும் அதுதான். 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று வரி வந்தால், அது இருபது லட்சம் ரூபாய் வண்டியின் வடிவமைப்பையும் தொடும். கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அது சிறிய விஷயமில்லை. அமெரிக்கா 1978-இல் அதிகம் குடிக்கும் கார்களுக்கென்று தனி வரி கொண்டுவந்தது. ஆனால் இலகு லாரி வகையை அதிலிருந்து விலக்கியது. எஸ்யூவிகள் அந்த வகையில் சேர்ந்துகொண்டன. குறைந்த எண்ணிக்கைதானே என்று விட்ட சந்து, பின்னால் அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலையாகவே ஆகிவிட்டது. பிரான்ஸ் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. அங்கே கரியமில வாயு அளவை வைத்துப் பதிவு வரி ஏறுகிறது. 2022 முதல் எடைக்கும் தனி வரி உண்டு. ஓர் அதிவேக எஸ்யூவிக்கு அந்த வரி பல பத்தாயிரம் யூரோவை எட்டும்.

‘ஏற்கெனவே கோடிக்கணக்கில் வரி கட்டுகிறவர்களை இன்னும் பிழிவதா?’ என்பது அடுத்த கேள்வி. நான் கேட்பது கூடுதல் சுமை அல்ல, வேறு வகைச் சுமை. இன்றைய முறையில் 80 லட்சம் ரூபாய்க்குச் சிக்கனமான ஹைப்ரிட் எஸ்யூவி வாங்குபவரும், அதே விலைக்கு இரு மடங்கு குடிக்கும் வண்டியை வாங்குபவரும் ஒரே சாலை வரி கட்டுகிறார்கள். முதலாமவருக்கு இது அநீதி. மின்சார எஸ்யூவிகள் வந்தால் எல்லாம் தானே சரியாகும் என்பாரும் உண்டு. வரட்டும், அவற்றுக்குத் தமிழ்நாடு சாலை வரி விலக்கே கொடுத்தது. ஆனால் இன்று பதிவாகும் பெட்ரோல் எஸ்யூவி பதினைந்து ஆண்டு சாலையில் ஓடும், கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு கையிலும் அதே அளவு குடிக்கும்.

வேலைவாய்ப்பு பற்றிய அச்சத்தை மட்டும் நிதானமாக எடுத்துப் பேச வேண்டும். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் சோறு கார்த் தொழிலோடு கலந்தது. அருகிலுள்ள பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாயில் டாடா ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளுக்கும் உரிய ஆலை அது. லிட்டர் வரி இவர்களைத் துரத்திவிடுமா? அதிகத்தூர் ஆலையின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. அங்கே இசுசு வண்டிகளும் ஒப்பந்தத்தில் பூட்டப்பட்டன. பிறகு 2021 ஏப்ரலில் சிட்ரோயன் சி5 ஏர்கிராஸ் வந்தது. இரண்டு லிட்டர் டீசல், 177 குதிரைத்திறன், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். அதன் அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 18.6 கிலோமீட்டர், அதாவது 100 கிலோமீட்டருக்கு 5.4 லிட்டர். இந்திய ஆய்வகச் சோதனை அமெரிக்கச் சோதனையைவிடத் தாராளமானது, சாலையில் அவ்வளவு கிடைக்காது என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: வசதியும் வேகமும் உள்ள எஸ்யூவியைச் சிக்கனமாகவும் செய்யலாம் என்பதை மணவாள நகர்ப் பக்கத்துத் தொழிலாளர்களின் கைகளே காட்டிவிட்டன. நான் சொல்லும் வரி அமலில் இருந்திருந்தால், அந்த வண்டி ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கட்டியிருக்காது.

இதற்கு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 57-ஆவது இனம் வாகன வரியை மாநிலத்திடம் ஒப்படைத்திருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டத்தைத் திருத்தினால் போதும். புதிதாக அளக்கவும் வேண்டாம், ஒவ்வொரு மாடலுக்கும் ஒப்புதல் சோதனையில் கரியமில வாயு அளவு ஏற்கெனவே எடுக்கப்படுகிறது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு இப்போதுள்ள 20 விழுக்காட்டை 15 ஆக்கலாம். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் வரை கூடுதல் இல்லை என்று வைத்து, அதற்கு மேல் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் என்று தொடங்கி, பத்து லிட்டரைத் தாண்டினால் லிட்டருக்கு இரண்டு லட்சம் என்று ஏற்றலாம். இந்தக் கணக்கில் 80 லட்சம் ரூபாய் ஹைப்ரிட் எஸ்யூவிக்கு இன்றைய 16 லட்சம் வரி 12 லட்சமாகக் குறையும். அதே விலையில் 13 லிட்டர் குடிக்கும் வண்டிக்கு 21 லட்சமாக ஏறும். இரண்டுக்கும் இடையில் ஒன்பது லட்சம் ரூபாய் வித்தியாசம் விலைப்பட்டியலிலேயே எழுதியிருக்கும்போது, சொகுசுக் கார் ஷோரூமிலும் அந்தப் பழைய கேள்வி எழும்: ‘மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?’